கூப்பிடும் இடம்

"அந்தக் கைகளைப் பிறகு யார் பிரித்துவிட்டது? புத்தகத்தில் அது இருக்கிறதா?"

ஆச்சி இப்படிக் கேட்டது 2003ஆம் ஆண்டு மாசி மாதத்து இரவொன்றில். சுவீடனின் தென்கோடி மாகாணமான ஸ்கோனெயில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு இரவு வேலை. ஆச்சி என்று நான் சொல்வது அங்கே கடைசி அறையில் இருந்த சுவீடிஷ் மூதாட்டியை. இந்த நாட்டில் பெரியவர் சின்னவர் பேதமில்லாமல் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது நாக்குக்கு வந்ததே தவிர மனதுக்கு வரவில்லை. உள்ளுக்குள் அவர் எனக்கு ஆச்சிதான். முப்பது வருஷம் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் மணி அடித்து, மெழுகுதிரி ஏற்றி, பீடத்துத் துணியை வெளுத்து விரித்தவர். பார்வை மங்கிவிட்டது, நித்திரையும் இல்லை. இரண்டு மணிச் சுற்று முடிந்ததும் அவருடைய கட்டிலடியில் இருந்து கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுவேன். என் சுவீடிஷ் உச்சரிப்பை அவர் திருத்துவார்.

அவருக்கு வேண்டியது ஒருவருடைய புத்தகங்கள்தான்: ஹென்னிங் மன்கெல். அந்த மாசியில் நாங்கள் வாசித்தது அவர் முந்திய வருஷம் வெளியிட்டிருந்த 'உறைபனிக்கு முன்'. 1991இல் தொடங்கிய வாலண்டர் வரிசையில் அது பின்னால் வந்த புத்தகம். அதற்கு முன் எட்டு நாவல்களும் ஒரு கதைத் தொகுதியும் வந்துவிட்டன. ஈஸ்டாட் என்ற சின்னத் துறைமுகப் பட்டணத்துப் பொலிஸ் அதிகாரி குர்ட் வாலண்டர் அவற்றில் வருஷத்துக்கு வருஷம் கிழடாகி, நீரிழிவு வந்து, மனைவி பிரிந்துபோய், தகப்பனையும் இழந்து நிற்கிறார். இந்தப் புத்தகத்தில் அவர் ஓரமாக நகர, மகள் லிண்டா நடுவுக்கு வருகிறாள். பொலிஸ் பள்ளிப் படிப்பு முடித்து, வேலையில் சேரச் சில நாட்கள் இருக்கும்போது, 2001 ஆவணியில் கதை தொடங்குகிறது. ஏரி ஒன்றில் யாரோ அன்னங்களுக்குத் தீ வைக்கிறார்கள். எரிந்துகொண்டே அவை பறக்கின்றன. பிறகு ஒரு கன்று. பிறகு ஒரு மனுஷி.

அந்த மனுஷியின் பெயர் பிர்கித்தா மெட்பெரி. காட்டுக்குள் மறைந்துபோன பழைய ஒற்றையடிப் பாதைகளைத் தேடி வரைபடத்தில் குறிப்பவர். அந்தக் காலத்து யாத்திரிகர் நடந்த தடங்களும் அவற்றில் அடங்கும். அப்படித் தேடிப் போனவர் ஒரு குடிசையைக் காண்கிறார். அங்கே இருக்கக் கூடாத ஆட்கள் இருக்கிறார்கள். பொலிஸ் போய்ப் பார்க்கும்போது கிடைப்பது வெட்டப்பட்ட தலையும் இரண்டு கைகளும். கைகள் செபத்தில் கோத்தபடி.

இந்த இடத்தில்தான் ஆச்சி வாசிப்பை நிறுத்தச் சொன்னார். அவருடைய முகத்தில் அருவருப்பு இல்லை, கணக்குப் பார்க்கிற பார்வை ஒன்று இருந்தது. எத்தனையோ சவ அடக்கங்களுக்குத் தேவாலயத்தை ஆயத்தம் செய்தவர். கோத்த கை அவருக்கு வேலையில் ஒரு பாகம். எனக்கும் அப்படித்தான். எங்கள் இல்லத்தில் ஒருவர் இறந்தால் மேல் துடைத்து, சுத்தமான உடுப்புப் போட்டு, கைகளை நெஞ்சில் வைத்து, யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். ஊரில் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதை நான் பார்த்து வளர்ந்தேன், இங்கே விரல்களைக் கோக்கப் பழகினேன். உயிர் போனபின் ஓர் உடம்புக்கு நாம் செய்யக்கூடிய கடைசி உபகாரம் அது. அதே காரியத்தைக் கொலைகாரனும் செய்கிறான். ஆச்சி கேட்டது அதனால்தான். தப்பான ஆள் கோத்த கைகளை யாராவது பிரித்துவிட வேண்டும், பிறகு சரியான ஆள் கோக்க வேண்டும்.

புத்தகத்தில் அது இல்லை. உடல்கள் லுண்டிலுள்ள சட்ட மருத்துவப் பிரிவுக்குப் போகும், அவ்வளவுதான். நான் இல்லை என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று மேற்கொண்டு வாசிக்கவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடவுள் சொன்னார் என்று ஒருவன் கொல்லும்போது அவனுக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும் என்ற கேள்வியை அந்தக் கைகளோடு சேர்த்துத்தான் என்னால் நினைக்க முடிகிறது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். இன்றும் விபூதி பூசுகிறவள். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இதற்கு விடை சுலபம்: அப்படி ஒரு குரல் கிடையாது, கேட்டவன் பைத்தியம். எனக்கு அந்த விடை போதாது. குரல் உண்டு என்று நம்புகிறவள் நான்.

மன்கெலுக்கும் அது போதவில்லை என்று நினைக்கிறேன். அவர் நாவலை சுவீடனில் தொடங்கவில்லை. 1978 நவம்பர் 18இல், தென் அமெரிக்காவின் கயானா நாட்டில், ஜோன்ஸ்டவுனில் தொடங்குகிறார். ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகரைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் ஓர் ஊரையே கட்டிக் குடியேறியவர்கள், அவர் சொல்லுக்குச் சயனைட் கலந்த பானத்தைக் குடித்தும் பருக்கப்பட்டும் இறந்த நாள் அது. 900க்கு மேற்பட்டவர்கள், அவர்களில் 300க்கு மேல் பிள்ளைகள். பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். மன்கெலின் கதையில் ஓர் ஆள் அங்கிருந்து தப்பி ஓடுகிறான். மனைவியும் சின்ன மகளும் பின்னால் பிணமாகக் கிடக்கிறார்கள். அவன் பெயர் எரிக் வெஸ்டீன், சுவீடன்காரன். அதற்கும் முன்னால் ஸ்கோனெயில் இன்னொரு பெண்ணையும் மகளையும் விட்டுவிட்டு ஒரு நாள் காணாமல் போனவன். அந்த மகள் அன்னாதான் லிண்டாவின் சிநேகிதி.

அப்படி ஒரு நாளைப் பார்த்தவன் கடவுளை விட்டுவிடுவான் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். வெஸ்டீன் விடவில்லை. ஜோன்ஸ் பொய்த் தீர்க்கதரிசி, அவ்வளவே அவனுடைய முடிவு. கடவுள் இருந்த இடம் அவனுக்குள் வெறுமையாகிவிட்டது, அந்த வெறுமையோடு அவனால் ஒரு நாளும் இருக்க முடியவில்லை. அதை நிரப்பத் தானே குரல் கேட்கிறவனாகிறான். கருக்கலைப்புச் செய்த பெண்களைப் பலியாகக் குறிக்கிறான். வேதாகமத்தின் வரிகளுக்கிடையே தன் வரிகளை எழுதுகிறான். இந்தப் பாத்திரத்தை மன்கெல் மிருகமாக எழுதவில்லை என்பதே எனக்கு முக்கியம். அவன் அன்பாகப் பேசுகிறான், மகளிடம் பொறுமையாக இருக்கிறான், சீடர்களைச் சாக்கடையிலிருந்து தூக்கி எடுத்தவன். வாசிக்கும்போது எனக்குப் பயம் வந்தது அவனுடைய கத்தியால் அல்ல. அவன் சொல்கிற வார்த்தைகளில் பாதியை நான் கோயிலில் கேட்டு வளர்ந்திருக்கிறேன். சரணடைதல், ஒப்புக்கொடுத்தல், நான் எனதென்பதை விடுதல்.

என் ஐயாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் புராணபடனம் நடக்கும்போது அவர்தான் பயன் சொல்வார். ஒருவர் பாட்டை இராகத்தோடு இழுத்து வாசிக்க, மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஐயா பள்ளிக்கூட வாத்தியார். குரல் சின்னது, ஆனால் மண்டபத்தின் கடைசித் தூண் வரைக்கும் கேட்கும். சித்திரைப் பரணிக்குச் சிறுத்தொண்டர் கதை. வடநாட்டு வைரவத் துறவி வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக் கறி கேட்கிறார். ஐந்து வயதுப் பிள்ளை, ஒரு குடிக்கு ஒரே பிள்ளை, தாய் பிடிக்கத் தகப்பன் மனமொத்து அரிய வேண்டும். சிறுத்தொண்டரும் திருவெண்காட்டு நங்கையும் பள்ளிக்கூடத்திலிருந்து சீராளனைக் கூட்டிவந்து அப்படியே செய்கிறார்கள். இலையில் கறி வந்தபின் துறவி, மகனையும் கூட்டிவா, அவனோடிருந்துதான் உண்பேன் என்கிறார். அவன் உதவமாட்டான் என்கிறார் தகப்பன். வெளியே போய்க் கூப்பிடு என்கிறார் துறவி. இரண்டு பேரும் வாசலுக்கு வந்து, இல்லாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பள்ளியிலிருந்து ஓடி வருகிறவனைப் போலச் சீராளன் ஓடி வருகிறான்.

ஒன்பது வயதில் ஒரு பரணி இரவு, ஐயாவின் சைக்கிள் பாரில் இருந்து வீட்டுக்கு வரும்போது கேட்டேன்: "ஐயா, சீராளனிட்டை ஆரும் கேட்டவையோ?"

அவர் கொஞ்சத் தூரம் பேசாமல் மிதித்தார். பிறகு சொன்னார்: "அவனிட்டை ஆரும் கேக்கேல்லைப் பிள்ளை."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. புராணத்துக்குப் பயன் சொல்கிறவர் தன் மகளுக்கு ஒரு சமாதானமும் சொல்லாமல் விட்டதை நான் பெரிய மரியாதையாக இன்றும் நினைக்கிறேன்.

அதே கேள்வியை வேறொரு மொழியில் கேட்ட ஒருவர் இங்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். சோரன் கீர்க்ககோர், கொப்பன்கேகன்காரர், 1813இல் பிறந்து 1855இல் இறந்தவர். மால்மோவுக்கும் கொப்பன்கேகனுக்கும் இடையே 2000ஆம் ஆண்டில் பாலம் திறந்தபின் ரயிலில் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. ஒரு லீவு நாளில் போய் அவருடைய கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தேன். 1843இல் அவர் வேறு பெயரில் வெளியிட்ட 'அச்சமும் நடுக்கமும்' முழுக்க ஆபிரகாமைப் பற்றியது. கடவுள் சொன்னார் என்று மகன் ஈசாக்கை மோரியா மலைக்குக் கூட்டிப்போன ஆபிரகாம். எல்லாருக்கும் பொதுவான அறத்தின்படி அவன் செய்யப்போனது கொலை. அதைக் கீர்க்ககோர் மூடி மறைக்கவில்லை. ஆனாலும் தனி மனிதன் ஒருவன் கடவுளுக்கு முன்னால் நேராக நிற்கும்போது அந்தப் பொது அறமும் விலகி நிற்க நேரும் என்கிறார். அப்படி நின்றவன் தன்னை யாருக்கும் விளக்க முடியாது. சாராளிடம்கூட ஆபிரகாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீர்க்ககோர் இதைச் சொகுசாக எழுதவில்லை. ரெகீன என்ற பெண்ணோடு நிச்சயித்திருந்த கல்யாணத்தை 1841இல் தானே முறித்துக்கொண்டு, அந்தக் காயத்தோடு எழுதியவர். புத்தகத்தின் தொடக்கத்தில் மலைப் பயணத்தை நான்கு விதமாக மாற்றிச் சொல்லிப் பார்க்கிறார். ஒன்றில் ஆபிரகாம் மகனுக்கு முன்னால் தன்னை ஒரு கொடியவனாகக் காட்டிக்கொள்கிறான். மகன் தகப்பனை வெறுத்தாலும் பரவாயில்லை, கடவுள் மேல் நம்பிக்கை இழக்கக் கூடாது என்பதற்காக. அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. அங்கே ஒரு கணம் ஈசாக்கின் கண்ணிலிருந்து பார்க்கிறார். பிறகு திரும்பவும் ஆபிரகாமிடம் போய்விடுகிறார், புத்தகம் முழுக்க அவனோடேயே இருக்கிறார். எனக்கு அவரோடு உள்ள வழக்கு இவ்வளவுதான். நம்பிக்கையின் நடுக்கம் முழுவதும் கத்தி பிடித்தவனுடையதாகிவிடுகிறது. கட்டையில் கிடக்கிறவனுடைய நடுக்கத்துக்கு அங்கே இடம் போதவில்லை.

அவருக்கு முந்தியவரான ஜெர்மனியின் கான்ட் இதை நேராக வெட்டிவிட்டார். மகனைக் கொல்லக் கூடாது என்பது ஆபிரகாமுக்கு நிச்சயம், கேட்ட குரல் கடவுளுடையது என்பது நிச்சயமில்லை, ஆகவே அவன் மறுத்திருக்க வேண்டும் என்று 1798இல் எழுதினார். பிந்திவந்த யூதத் தத்துவவாதி லெவினாஸ் எனக்கு இன்னும் நெருக்கம். ஆபிரகாம் முதல் குரலைக் கேட்டதில் அல்ல, பிள்ளைமேல் கை போடாதே என்ற இரண்டாம் குரலையும் கேட்கும் காது அவனுக்கு இருந்ததில்தான் கதையின் உச்சம் என்கிறார் அவர். வெஸ்டீனுக்கு அந்த இரண்டாம் காது இல்லை. தன்னிடம் ஒருவரும் மறுத்துப் பேச முடியாதபடி அவன் தன்னைச் சுற்றி ஆட்களைச் சேர்த்துக்கொண்டான். அன்னா ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியே அவளுடைய நம்பிக்கைக் குறைவுக்குச் சாட்சியாகிவிடுகிறது.

நாவல் வந்து இரண்டு வருஷத்தில், 2004 ஜனவரியில், உப்சலா பக்கத்திலுள்ள குனூட்பி என்ற சின்ன ஊரில் நடந்ததை இந்த நாட்டில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரு சபையின் போதகர் வீட்டில் பிள்ளை பார்க்க இருந்த இளம்பெண் அவருடைய மனைவியைச் சுட்டுக் கொன்றாள், அயலவர் ஒருவரையும் சுட்டாள். அவளுடைய கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருந்தன, அவை கடவுளிடமிருந்து வருகின்றன என்று அவள் நம்பியிருந்தாள். அழிக்கப்பட்ட அந்தச் செய்திகளைப் பொலிஸ் தொழில்நுட்ப ஆட்கள் மீட்டெடுத்தார்கள். அனுப்பியது போதகர். அவருக்கு ஆயுள் தண்டனை. அப்போது ஆச்சி உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்: அந்தப் பெண்ணின் நம்பிக்கை பொய்யில்லை, அவள் ஒரு தரம் எதிர்த்துக் கேட்க இடம் வைக்காதவர்கள்தான் பொய்யர்கள் என்று.

பிர்கித்தா மெட்பெரியிடம் வருகிறேன். அவரை வெஸ்டீனின் ஆட்கள் தேடிப் போகவில்லை. தப்பான நேரத்தில் தப்பான கதவைத் திறந்தவர் அவர். ஆனால் கொன்றபின் அவருடைய கைகளைக் கோத்து வைத்ததும் அவர் வேறொன்றாகிவிட்டார். எழுத்தாகிவிட்டார். பார்க்கிறவர்கள் வாசிக்க வேண்டிய ஒரு வசனம்.

இதை நான் எங்கள் ஊரில் கண்டிருக்கிறேன். 1980களின் நடுவில் ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டுவிட்டு, கழுத்தில் ஒரு மட்டை தொங்கவிட்டுப் போவது நடந்தது. அப்போது நான் ரியூட்டரி ஒன்றில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடியற்காலை சந்தியில் சனம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருந்த பெடியன். சைக்கிள் ரியூப் ஒட்டுவதில் கெட்டிக்காரன், பூனைக்குட்டிகளைக் கொண்டுவந்து அக்கம்பக்கத்தில் கொடுப்பவன். அவன் செய்ததாக மட்டையில் எழுதியிருந்ததைச் சனம் எட்டி எட்டி வாசித்தது. நானும் வாசித்தேன். வாசித்து முடித்தபின்தான் அவனுடைய ஒரு காலில் செருப்பு இல்லாததைக் கண்டேன். எந்த வரிசையில் என் கண் போனது என்பதை நினைத்து நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவனைக் கொன்றவர்கள் கடவுளின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னது வேறொரு பெரிய சொல். அந்தச் சொல்லுக்கு முன்னாலும் ஒருவரும் வாய் திறக்கக் கூடாதென்றிருந்தது.

அகதியாக இங்கே வந்தது 1988 இலையுதிர் காலத்தில். அந்தப் பருவத்தில்தான் ஈஸ்டாட்டுக்கு வடக்கேயுள்ள ஷோபோ என்ற ஊரில் அகதிகளை ஏற்பதா என்று வாக்கெடுத்து, வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். அடுத்த வருஷம் மார்கழி 13இல், லூசியா பண்டிகையன்று, அரசாங்கமே அகதிச் சட்டத்தை இறுக்கியது. மன்கெலின் முதல் வாலண்டர் நாவல் 'முகமில்லாத கொலைகாரர்கள்' இந்தக் காற்றில் எழுதப்பட்டது. 1990 தை மாதம், ஒரு பண்ணை வீட்டில் வயோதிபத் தம்பதி தாக்கப்படுகிறார்கள். சாகும்போது அந்தக் கிழவி சொன்ன கடைசிச் சொல் 'வெளிநாட்டு' என்பது வெளியே கசிகிறது. அகதி முகாம் எரிகிறது, சோமாலியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சுவீடிஷ் வகுப்பில் அகராதியைப் புரட்டிப் புரட்டி நான் வாசித்த முதல் நாவல் அதுதான். வாலண்டர் அந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு படுகிற பாட்டைப் பார்த்து எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. சனத்துக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. அவருக்குப் போதவில்லை. அந்தக் கிழவி யார், அவளுடைய புருஷன் யார், குதிரைக்கு யார் வைக்கோல் போட்டது என்று தோண்டிக்கொண்டே போகிறார். கடைசியில் கொன்றவர்கள் மெய்யாகவே வெளிநாட்டார்தான். மன்கெல் அதிலும் கண்ணை மூடவில்லை.

வாலண்டர் கோயிலுக்குப் போகிறவர் இல்லை. செபம் தெரியாது. ஆனால் எல்லாப் புத்தகத்திலும் அவர் செய்கிற ஒரு வேலை உண்டு. 'தடம் தவறி' நாவலில் கடுகு மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் வயலில் ஒரு பெண்பிள்ளை அவர் கண் முன்னாலேயே தன்மேல் தீ வைத்துக்கொள்கிறாள். அவள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கோடை முழுக்க வேறொரு கொலையாளியைத் துரத்திக்கொண்டிருந்தாலும் அவளுடைய பெயரை அவர் விடாமல் தேடுகிறார். பெயர் கிடைக்கிறது, டொமினிக்கன் குடியரசில் ஒரு தகப்பனும் கிடைக்கிறார். மெட்பெரியின் விஷயத்திலும் இதுதான் நடக்கிறது. அவருடைய வரைபடங்களை விரித்துப் பார்க்கிறார்கள், மகளிடம் பேசுகிறார்கள், அவர் எந்தப் பாதையால் போனார் என்று நடந்து பார்க்கிறார்கள். கோத்த கைகளை வாசிக்க மறுத்து, அந்தக் கைகள் முதல் நாள் எதை வரைந்தன என்று கேட்கிறார்கள். ஆச்சியின் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டென்றால் இதுதான். அந்த அத்தியாயங்கள் முழுவதும் அந்தக் கைகளைப் பிரிக்கிற வேலைதான் நடக்கிறது. அவருக்கு இதை நான் சொல்ல முடியவில்லை. எனக்கே பிந்தித்தான் விளங்கியது.

இது ஒரு புத்தகத்தில் முடிகிற காரியமல்ல என்பதால்தான் நீண்ட வரிசை வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கொலைக்கதையை முடித்து மூடிவிடலாம். வாலண்டருடைய செத்தவர்கள் மூடப்படுவதில்லை, அடுத்த புத்தகத்தில் அவருடைய நித்திரைக்குள் வந்து நிற்கிறார்கள். முதல் நாவலுக்குப் பிறகு புற்றுநோயில் போன மூத்த சகா ரீட்பெரி, ரீட்பெரி என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வியாகக் கடைசிவரை கூட வருகிறார். பிறகு 2009இல் வந்த 'கலங்கிய மனிதன்' நாவலில் மன்கெல் செய்ததை என்னால் இலேசில் தாங்க முடியவில்லை. அந்த மனிதனுக்கு அல்ஸைமர் வருகிறது. இத்தனை பேருடைய பெயரை நினைவில் வைத்திருந்தவர் தன் பெயரை நோக்கி மெல்ல மெல்ல இருட்டுக்குள் போகிறார். நான் அந்த நோய்க்காரர்களைக் கழுவித் துடைத்து உடுத்திவிட்டவள். மன்கெல் அதைத் தண்டனையாக எழுதவில்லை, ஆறுதலாகவும் எழுதவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினார். லிண்டாவை வைத்து வரிசையைத் தொடரும் எண்ணத்தையும் அதற்குள் விட்டுவிட்டார். திரையில் லிண்டாவாக நடித்த யொஹன்னா செல்ஸ்ட்ரோம் 2007இல் காலமானபின் அதை எழுத அவரால் முடியவில்லை. அவரும் 2015 ஒக்டோபரில் புற்றுநோயில் போய்விட்டார்.

ஆச்சி 2003 வைகாசியில் இறந்தார், என்னுடைய வேலை நேரத்தில். 'உறைபனிக்கு முன்' முடிந்துவிட்டிருந்தது. 2001 செப்டம்பர் 11இல் அந்த நாவல் வந்து முடிகிறதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தவர், என் கடவுளும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மட்டும் சொன்னார். அவருடைய கைகளை நான்தான் கோத்தேன். எலும்பு மூட்டுகள் வீங்கி, விரல்கள் சரியாகப் பொருந்தவில்லை. அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாக வைத்தேன்.

ஊரில் அந்தப் பெடியனுடைய தாய் பரணிக்குப் பரணி சிறுத்தொண்டர் கதை கேட்க வருபவர். மண்டபத்தில் இடப்பக்கத்து மூன்றாம் தூணடி அவருடைய இடம். மகன் போனபிறகும் வந்தார். ஆனால் துறவி மகனைக் கூப்பிடச் சொல்கிற இடம் வந்ததும் எழும்பிப் போய்விடுவார். ஐயா மேடையிலிருந்து அதைக் கண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

1987 சித்திரை. அந்த இடம் வந்தது. வாசிப்பவர் பாட்டை முடித்தார். அந்த அம்மா சீலைத் தலைப்பைச் சேர்த்துக்கொண்டு எழும்ப ஆயத்தமானார். ஐயா வழக்கமாக அதிலே குரலை உயர்த்துவார், பிள்ளை ஓடி வருவதைக் கையால் காட்டுவார். அன்றைக்கு, "தாயும் தேப்பனும் வாசலுக்கு வந்து கூப்பிட்டினம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கூப்பிட்டினம்" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார். மிச்சம் நாளைக்கு என்றார்.

கோயில் சபைக்காரர் வெளியே வைத்து அவரைப் பேசினார்கள். பிள்ளை வராமல் கதையை நிறுத்துவது தோஷம், ஊருக்கு ஆகாது என்றார்கள். ஐயா எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில் நடந்தேன். கேளாமலே சொன்னார்: "அவன் வந்தவன். வந்தபடியால்தான் அது புராணம், பிள்ளை. வராட்டி அது வேறை கதை. அந்தக் கதைக்குப் பயன் சொல்ல எனக்குத் தெரியாது."

அன்றைக்கு அந்தத் தாய் எழும்பிப் போகவில்லை. சனம் எல்லாம் கலைந்தபிறகும் தூணடியில் இருந்தார். விளக்குகளை ஒவ்வொன்றாக நூர்த்துக்கொண்டு வந்த ஐயர் அவருக்குப் பக்கத்திலிருந்த விளக்கை நூராமல் விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் இரவு ஐயா மேடையில் ஏறிப் புத்தகத்தை விரித்தார். மூன்றாம் தூணைப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. வாசிப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார். ஐயா கோயில் வாசலைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் பொறுத்துத்தான் தொடங்கினார்.